நரிக்கு எழுதிய சட்டம்

நம் புலவர்கள் நரியைச் சுடுகாட்டில் நிறுத்தினார்கள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் அது ஊளையிடுகிறது; திருவிளையாடலில் பகலில் பரியாகி, இரவில் மீண்டும் நரியாகிறது. நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற வழக்கும் நம்மிடம் உண்டு. கோழி வளர்த்தவர்கள் இதை ஒப்புக்கொண்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். விலங்கியலார் பொன்னிறக் குள்ளநரி என்பதையே ஊர்ப்பேச்சு நரி என்கிறது. கிண்டி முதல் வண்டலூர் வரை பரந்திருந்த புதர்க்காடு அதற்கு ஏற்ற நிலம்.

ஆங்கிலேயர் காலத்தில் இவ்விலங்கைக் கையாள விதி என்று பெரிதாக ஏதுமில்லை, ஆட்டம்தான் இருந்தது. தம் நாட்டு நரி இங்கில்லாத குறையைச் சென்னை வேட்டைக் கழகத்துத் துரைமார், கடல்கடந்து வந்த வேட்டைநாய்களைக் கொண்டு நம் நரியைத் துரத்தித் தீர்த்துக்கொண்டனர். உதகையிலும் அதே கதை. குதிரையேறித் துரத்தினால் அது கனவான்களின் விளையாட்டு. கண்ணி வைத்துப் பிடித்த நரிக்குறவர்க்கோ அது இழிதொழில். இந்த வேறுபாட்டை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது நம் எண்ணம்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நரியைப் புலியின் வரிசையில் வைக்கவில்லை. 2022இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பின்னரே அது முதல் அட்டவணைக்கு உயர்ந்தது. இதன் பொருள் பெரிது. கீழ் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ உடைமைக்கோ பயிருக்கோ கேடு செய்தால், அதைக் கொல்ல அனுமதி வழங்க இடமுண்டு. முதல் அட்டவணையில் உடைமை என்ற காரணம் செல்லாது. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீளமுடியாத நோய், ஊனம் என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் காட்டி எழுத்தில் ஆணையிட வேண்டும். அப்போதும் பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாத நிலை இருக்க வேண்டும். கோழியைப் பறிகொடுத்த புறநகர்வாசிக்கு எஞ்சியிருப்பது கூண்டை வலுப்படுத்துவதும் வனத்துறைக்குத் தெரிவிப்பதும்தான்.

பிடிப்பதும் விரட்டுவதும் இரை வைத்து ஈர்ப்பதும்கூடச் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பகுதியில் பொங்கலையொட்டி நரியை வலைவிரித்துப் பிடித்து, ஊரார் முன் ஓடவிட்டுப் பின் விடுவிக்கும் 'வங்காநரி' வழக்கத்தை வனத்துறை தடுப்பது இதனால்தான். முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழாண்டுச் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

நிலத்தின் நிலையோ வேறு. கிண்டி 1978இல் தேசியப் பூங்காவானது, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். பள்ளிக்கரணைச் சதுப்பின் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் தகுதி பெற்றது. அதை ஒட்டியே பெருங்குடிக் குப்பைமேடு. குப்பையை நாடி நாய்கள் வருகின்றன. நரியைத் துரத்துகின்றன, வெறிநோயையும் பரப்புகின்றன. நாய்க்கு 2023ஆம் ஆண்டின் கருத்தடை விதிகள். அவை உள்ளாட்சியின் பொறுப்பு. நரி வனத்துறையின் கோப்பு. குப்பையோரம் இரண்டும் சந்திக்கின்றன.

2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம் ஆகியவை அதனுள் வந்தன. இத்தகைய ஊர்களின் ஏரிக்கரைப் புதரை இயந்திரம் கொண்டு வழிப்பதை நாம் 'தூய்மைப்பணி' என்கிறோம். காப்புக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே நடக்கும்வரை, சட்டத்தில் அதற்கு வேட்டை என்ற பெயர் கிடையாது.