பிழைத்த பின்னும் தீராத வலி

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் ஆண் மருத்துவரை ஏற்காததால் இறந்தார்கள்; அதுவே ஐடா ஸ்கடர் என்ற பெண்ணை மருத்துவராக்கியது. வேலூர்ப் பக்கம் அனைவரும் அறிந்த கதை இது. பிழைத்தவர்களின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை.

குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கி, வலி நாள்கணக்கில் நீண்டால், நடுவில் நசுங்கும் சிறுநீர்ப்பைக்கு ரத்தவோட்டம் நின்றுபோகும். திசு அழுகி ஓட்டை விழும். குழந்தை பெரும்பாலும் பிழைக்காது. தாய்க்கோ இரவும் பகலும் சிறுநீர் ஒழுகும். 1840களில் அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் இதற்குத் தையல் முறை கண்டார். அனார்க்கா, லூசி, பெட்சி முதலிய அடிமைப் பெண்களை மயக்க மருந்தின்றித் திரும்பத் திரும்ப அறுத்துக் கற்றது அது. பெருமையில் பாதியாவது அவர்களுக்குச் சேர வேண்டும்.

1902இல் வேலூரில் ஸ்கடரின் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1909 முதல் ஸ்கடர் மோட்டார் வண்டியில் குடியாத்தம் சாலையோரக் கிராமங்களுக்குப் போனார். வண்டி போன சாலை சமவெளியில் இருந்தது. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் கர்ப்பிணியை டோலி கட்டித்தான் சுமந்து இறக்கினார்கள். அதே மலையில் காவலூருக்கு 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்துவிட்டது. பல குக்கிராமங்களுக்கு அப்போதும் சாலை வரவில்லை.

இன்னொரு தொல்லை ‘அடி இறங்குதல்’, அதாவது கருப்பை இறக்கம். பிள்ளை பெற்ற சில நாளிலேயே விறகும் தண்ணீரும் சுமப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். செங்கல்பட்டுப் பகுதியில் 1981இல் தொடங்கிய ரூசெக் பெண்கள் அமைப்பு, இதோடு வாழ்ந்தவர்களின் அனுபவங்களை 1990களில் கேட்டுப் பதிவு செய்தது. சிக்கிய பிரசவத்தை நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் ஓடத் தொடங்கியதோ 2008இல்தான்.