தழும்பில்லாமல் கல் எடுத்த கதை

நம் தாத்தா, பாட்டி காலத்தில் சிறுநீரகக் கல்லை எடுக்க விலாப்பக்கத்தை நீளமாக வெட்டுவார்கள். கல் சின்னது, காயம் பெரியது. தேறி எழ வாரக்கணக்காகும்.

1976இல் ஸ்வீடன் மருத்துவர்கள் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோகான்சனும் முதுகில் சிறு துளையிட்டுக் கல்லை எடுத்த முறையை வெளியிட்டார்கள். துளையே இல்லாத வழியைத் தேடியவர் மாட்ரிட் நகரச் சிறுநீரியல் மருத்துவர் என்ரிக்கே பெரெஸ்-காஸ்ட்ரோ.

சிறுநீர் வெளியேறும் பாதையிலேயே மேலே ஏறிப் போகலாம். ஆனால் சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய கருவிக்குள் தெளிவான பார்வை கிடைக்க வேண்டுமே?

விடை ஏற்கெனவே இருந்தது. இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஹரால்ட் ஹாப்கின்ஸ் 1959இல் உருவாக்கிய கண்ணாடித் தண்டு லென்ஸ்தான் அது. அதை வைத்துக் கருவிகள் செய்த ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனத்தோடு பெரெஸ்-காஸ்ட்ரோ சேர்ந்தார். சிறுநீரகம் வரை எட்டும் நீண்ட எண்டோஸ்கோப் பிறந்தது. 1980இல் அதைப் பற்றி எழுதினார்.

1990களில் ஹோல்மியம் லேசர் வந்தது. மெல்லிய இழை வழியே போய்க் கல்லைப் பொடியாக்கியது. இன்று பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள்.

வீட்டில் "டாக்டருக்குப் படி" என்கிறார்களா? ஹாப்கின்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் கத்தியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் எத்தனையோ பேர் உடம்பில் இன்று தழும்பு இல்லை.