தொடர்பு அறுந்த விமானங்கள்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் பேரன் நம் நகருக்குப் பின்னால் உள்ள பொட்டலில் ரிமோட் விமானம் விட்டதை உறுப்பினர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் மாலை மோட்டார் சத்தம் திடீரென்று நின்றது. அவன் எவ்வளவோ திருப்பிப் பார்த்தும் கேட்காமல், விமானம் காற்றோடு மிதந்து கண்மாய்ப் பக்கம் மறைந்துவிட்டது. "ஒழுங்காக விடத் தெரியாவிட்டால் எதற்கடா இந்த வேலை?" என்று நான் திட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் அதைச் சீமைக் கருவேல முள்ளுக்குள்ளிருந்து எடுத்து வந்தார். பிரித்துப் பார்த்தால், ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய சர்க்யூட் கருகியிருந்தது. பையன் மேல் தப்பே இல்லை.

அதன் பிறகுதான் இதன் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆர்ச்சிபால்ட் லோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வானொலி அலையால் இயங்கும் ஆளில்லா விமானம் ஒன்றை உருவாக்கினார். 1917 மார்ச் 21 அன்று இங்கிலாந்தின் அப்பேவன் தளத்தில் ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் அது பறக்கவிடப்பட்டது. சிறிது நேரத்தில் எஞ்சின் பழுதாகி விழுந்தது. ஆனால் விமானத்தைத் தரையிலிருந்து வானொலியால் இயக்க முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பொழுதுபோக்காக விடும் மாதிரி விமானங்களுக்கு இது வந்தது 1930-களில். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற விமானத்தை 1937-ல் பறக்கவிட்டனர். அன்றைய கருவிகளில் டிரான்சிஸ்டர் கிடையாது. வால்வுகளும் கனமான பேட்டரிகளும்தான்.

நம் மாநிலத்திலும் ஒரு சம்பவம் உண்டு. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய 'ருஸ்தம்-1' என்ற ஆளில்லா விமானம் 2009 நவம்பர் 16 அன்று ஓசூர் அருகே முதன்முதலாகப் பறந்தது. நன்றாகத்தான் மேலே எழும்பியது. இறங்கும்போது உயரத்தைத் தவறாகக் கணித்து, தரையிலிருந்து கொடுத்த உத்தரவால் எஞ்சின் நிறுத்தப்பட்டதில் விழுந்து நொறுங்கியது. காரணத்தை டி.ஆர்.டி.ஓ. வெளிப்படையாகவே சொன்னது. 2010 அக்டோபர் 16 அன்று அதே ஓசூரில் ருஸ்தம்-1 வெற்றிகரமாகப் பறந்தது.

அப்பேவனில் பழுது கருவியில். ஓசூரில் தவறு மனிதக் கணிப்பில். இரண்டையும் விசாரித்த பிறகுதான் சொல்ல முடியும். நான் வங்கியில் கேஷில் உட்கார்ந்த காலத்தில், ரொக்கம் குறைந்தால் முதலில் வவுச்சர்களைச் சரிபார்ப்போம். பிறகுதான் ஆளைக் கேட்போம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடைப்பிடித்த வழக்கத்தைப் பேரன் விஷயத்தில் மறந்துவிட்டேன். மூன்று நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

நம் நகரில் வேறு பிள்ளைகளும் இப்போது ரிமோட் விமானம் வைத்திருக்கிறார்கள். பறக்கவிடும் முன் பேட்டரி நிறைந்திருக்கிறதா, வயர்கள் இறுக்கமாக இருக்கின்றனவா, தள்ளி நின்று இயக்கினாலும் இறக்கையின் மடிப்புகள் அசைகின்றனவா என்று பாருங்கள். வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் மேலே விடவே வேண்டாம். எவ்வளவு பார்த்தாலும் ஒரு நாள் விழத்தான் செய்யும். அப்போது பெரியவர்கள் முதலில் விமானத்தைத் தேடி எடுத்துப் பிரித்துப் பாருங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். புது சர்க்யூட் வாங்கி மாட்டியாகிவிட்டது. பள்ளி திறந்துவிட்டதால் ஊருக்குப் போய்விட்டான். விமானம் என் பீரோ மேல் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு வந்து விடுவான்.