நகரா விசை முதல் தமிழ்99 வரை: ஒரு மாத்திரைச் சீட்டின் கதை

1/ அம்பத்தூர்ல என் க்ளினிக். சில வருஷம் முன்னாடி, ஆவடியிலிருந்து வர்ற ஒரு பாட்டிக்கு மூட்டுவாதத்துக்காக மெத்தோட்ரெக்ஸேட் எழுதினேன். வாரத்துல ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. சீட்டு இங்கிலீஷ்ல. பாட்டி தினமும் போட்டுட்டாங்க. மூணாவது நாள் பேத்தி கவனிச்சு போன் பண்ணினதால தப்பிச்சோம். தப்பு என்னுது.

2/ ஏன் தமிழ்ல அச்சடிக்கல? எங்க ரிசப்ஷன் அக்கா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஆனா க்ளினிக் கம்ப்யூட்டர்ல அவங்க தட்டினா வேற வேற எழுத்து வந்துது. விட்டுட்டோம். அவங்க விரல் மேல தப்பே இல்லைங்க. இது கிட்டத்தட்ட நூறு வருஷக் கதை.

3/ யாழ்ப்பாணத்துல 1886-ல பிறந்து, மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போனவர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை. தமிழுக்கு 247 எழுத்து; ஒரு மெஷின்ல அத்தனை விசைக்கு இடமேது? கால், கொம்பு மாதிரி குறிகளை எல்லா எழுத்துக்கும் பொதுவாக்கினார். புள்ளிக்கு 'நகரா விசை': தட்டினா குறி விழும், உருளை நகராது.

4/ அதனால 'க்' வேணும்னா முதல்ல புள்ளி, அப்புறம் க. நாம கையால எழுதுற வரிசைக்குத் தலைகீழ். மெஷினுக்காக மனுஷன் விரல் பழகிச்சு.

5/ கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டாயம் இல்ல. லினக்ஸோட எக்ஸ் விண்டோல 'எச்' பட்டனைத் தட்டினா உள்ளே போறது 43-ங்கிற வெறும் எண். அது எந்த எழுத்துன்னு ஒரு அட்டவணைதான் சொல்லுது. அட்டவணையை மாத்தினா அதே பட்டன் 'க'.

6/ 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துது. அதையொட்டி அதே வருஷம் தமிழக அரசு ஏத்துக்கிட்ட அமைப்புதான் தமிழ்99. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. க-வும் இ-யும் தட்டினா 'கி'. ம-வை ரெண்டு தடவை தட்டினா முதல் ம-வுக்குப் புள்ளி தானா விழும். 'அம்மா'வுக்கு நாலே தட்டு.

7/ ஆனா வெறும் அட்டவணைக்கு ஞாபகசக்தி கிடையாது. முட்டியில தட்டினா கால் உதறுமே, அந்த ரிஃப்ளெக்ஸ் மாதிரி. முந்தின எழுத்து என்னன்னு யோசிக்க மூளை வேணும். லினக்ஸ்ல அந்த வேலையைச் செய்யுறது ஐபஸ், எம்17என் மாதிரியான உள்ளீட்டு மென்பொருள்.

8/ எங்க கம்ப்யூட்டர்ல இருந்தது தமிழ்99. அக்கா கத்துக்கிட்டது பழைய தட்டச்சு. அவ்வளவுதான் வியாதி! எம்17என்ல ரெண்டுமே இருக்கு. இப்போ அக்காவுக்கு அவங்க தட்டச்சு, எனக்குத் தமிழ்99. ஒரு க்ளிக்ல மாத்திக்கிறோம்.

9/ இப்போ சீட்டுல தமிழ்ல வருது: 'ஞாயிறு மட்டும். மற்ற நாள் வேண்டாம்.' பாட்டி தானே வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கிளம்புவாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்க மாத்திரைச் சீட்டை இன்னைக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. அவங்களால வாசிக்க முடியலைன்னா, டாக்டர்கிட்ட தமிழ்ல கேளுங்க. கேக்குறது உங்க உரிமை.