சீவரத்திலிருந்து சட்டப்புத்தகம் வரை

1915 ஆம் ஆண்டு பேர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி அன்ட் ஸ்கொட் தொழிற்சாலை பிரிட்டிஷ் படைக்கென ஒரு புதிய ரிவோல்வரைச் செய்யத் தொடங்கியது. மார்க் 6 என்று பெயர். 6 அங்குலக் குழல், 11 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய மொத்த நீளம், ஒரு கிலோவைத் தாண்டும் எடை. பதுங்குகுழிச் சேற்றில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துச் சுடலாம் என்று படையினரிடம் அதற்கு நல்ல பெயர். கொளுவியைத் தட்டினால் நடுவில் மடிந்து திறக்கும். வெற்றுக் கோதுகள் தாமாகவே மேலே எழும்பி வெளியே கொட்டும். முதலாம் உலக யுத்தம் முடிவதற்குள் லட்சக்கணக்கில் செய்து தள்ளினார்கள். யுத்தத்துக்குப் பிறகு அவை சாம்ராச்சியத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவின. சில பொலிஸ் நிலையங்களுக்குப் போயின, சில தோட்டத்துரைமாரின் மேசை இழுப்பறைகளுக்குள் போயின, இன்னும் சில கணக்கில்லாத கைகளுக்குப் போயின.

அப்படி இலங்கைக்கு வந்து சேர்ந்த வெப்ளி ரிவோல்வர் ஒன்று, 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி காலை, ஒரு பிக்குவின் சீவரத்துக்குள் இருந்தபடி கொழும்பு 7, றோஸ்மீட் பிளேஸுக்குப் போனது. போன வீடு 'டின்டஜல்', பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் இல்லம். பிக்குவின் பெயர் தல்துவே சோமாராம. கண் வைத்தியர், சுதேச வைத்தியக் கல்லூரியோடு சம்பந்தப்பட்டவர். வெராந்தாவில் மனுக் கொடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். பிரதமர் வழக்கம்போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிக்குவுக்கு முன்னால் வந்ததும் வணங்கிப் பேசினார். கல்லூரி விஷயமாக ஏதோ குறை. அமைச்சரிடம் சொல்லுகிறேன் என்றார். அடுத்த கணம் சீவரம் விலகியது.

11 அங்குலத் துவக்கைச் சேர்ட்டுக்கும் காற்சட்டைக்கும் இடையில் ஒளித்துக்கொண்டு பத்தடி நடந்தாலே தெரிந்துவிடும். உடம்பைச் சுற்றிய சீவரத்துக்குள் தெரியாது. அந்த உடைக்கு இந்த நாட்டில் இருந்த மரியாதை இன்னொரு உறை. அதைத் தடவிப் பார்க்க 1959 இல் எந்தப் பொலிஸ்காரருக்கும் கை நீண்டிருக்காது.

ரிவோல்வர் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவனுக்கு ஒரு கவலை குறைவு. உருளையில் ஆறு அறைகள். ஆறிலும் ரவை போட்டால் ஆறும் தயார். விசையை இழுத்தால் உருளை சுழலும், சுத்தியல் பின்வாங்கும், விழும், வெடிக்கும். வேறு எதையும் தொடவேண்டியதில்லை. வெப்ளியில் சேஃப்டிக் கொளுவி என்று ஒன்றுமே இல்லை. விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம்தான் பாதுகாப்பு. இயந்திரத்தில் பழக்கமில்லாத ஒரு வைத்தியப் பிக்குவின் கைக்கு இதைவிடத் தோதான துவக்கு கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மகசின் வைத்த பிஸ்டல் அப்படியல்ல. ரவைகள் கைப்பிடிக்குள் மகசினில் அடுக்கியிருக்கும். மேலுள்ள சிலைடை ஒருமுறை பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் ரவை குழலின் வாசலுக்கு ஏறும். இழுக்காவிட்டால் விசையை எத்தனை தரம் அழுத்தினாலும் பலனில்லை. இழுத்து ஏற்றியே வைத்திருந்தால் இடுப்பில் சதா ஒரு ஆபத்து. பிஸ்டல் சுமக்கிறவர்கள் உலகம் முழுக்க நூறு வருடமாகத் தர்க்கிக்கும் விஷயம் இது. இஸ்ரேலியர்கள் வெற்றறையோடு சுமந்து, தேவையான நேரத்தில் இழுத்துச் சுடப் பழக்கினார்கள். தொடக்க காலத்தில் அவர்களிடம் சேர்ந்திருந்தது பல நாட்டுத் துவக்குகளின் கலவை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு முறை வேண்டியிருந்தது. அமெரிக்கப் பொலிஸ் ஏற்றியே சுமக்கிறது. சோவியத் டொகரெவின் பிரதியான சீனத்து டைப்-54 இல் சேஃப்டிக் கொளுவி கிடையாது. அதில் ரவையை ஏற்றிக்கொண்டு திரிபவன் தன் தொடையைப் பணயம் வைக்கிறான்.

அந்தத் தர்க்கத்தில் இரு தரப்பும் கேட்காமல் விடும் ஒன்று உண்டு. துவக்கு தேவைப்படப்போகும் நேரம் யாருக்கு முன்கூட்டியே தெரியும்? தற்காப்புக்காகச் சுமப்பவனுக்குத் தெரியாது. அதனால்தான் ஒரு வினாடியா, அரை வினாடியா என்று கணக்குப் பார்க்கிறான். தேடி வருகிறவனுக்கு நேரமும் தெரியும், இடமும் தெரியும், எந்தக் கதிரையில் யார் இருப்பார் என்பதும் தெரியும். படலைக்கு வெளியே நின்று ஆறுதலாக ரவையை ஏற்றிக்கொண்டு உள்ளே வரலாம். 1948 இல் தில்லியில் காந்தியைச் சுடக் கோட்சே கொண்டுபோனது ரிவோல்வர் அல்ல. குவாலியரில் தேடிப்பிடித்த இத்தாலியப் பெரெட்டா பிஸ்டல். வணங்கிய கை அடுத்த கணம் சுட்டது, நடுவில் சிலைடை இழுக்க இடைவெளி ஏது? அங்கே வணங்கியது கொன்றவன். றோஸ்மீட் பிளேஸில் வணங்கியது கொல்லப்பட்டவர்.

சுடப்பட்ட பிரதமர் வீட்டுக்குள் ஓடினார். சோமாராம பின்தொடர்ந்து சுட்டார். அங்கிருந்த ஆசிரியர் ஒருவரும் காயப்பட்டார். காவலில் நின்ற பொலிஸ்காரரின் துவக்கும் அன்று வெடித்தது. சோமாராம காயத்தோடு பிடிபட்டார். கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் பி.ஆர். அந்தோனிஸ் முதலானவர்கள் பல மணி நேரம் சத்திரசிகிச்சை செய்தார்கள். சுட்டவர் மீது இரக்கம் காட்டும்படி பண்டாரநாயக்க படுக்கையிலிருந்து நாட்டு மக்களுக்குச் செய்தி விட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது.

துவக்கு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனது, வழக்கின் சான்றுப் பொருளாக. 1961 பெப்ரவரியில் நீதியரசர் ரி.எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் விசாரணை தொடங்கியது. கூண்டில் ஐவர்: களனி விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித்த, வர்த்தகர் எச்.பி. ஜயவர்தன, அனுர டி சில்வா, சோமாராம, பொலிஸ் இன்ஸ்பெக்டர் நியூட்டன் பெரேரா. விகாரையில் ஆரம்பித்த திட்டம், ஏமாந்துபோன வியாபார ஆசைகள், ஒரு கண் வைத்தியர் என்று அரச தரப்பு கதையைக் கோத்துக்கொண்டு போனது. ஒரு கண்ணியில் மட்டும் தடக்கியது. ரிவோல்வர் சீவரத்துக்கு எப்படி வந்தது? துவக்கு விஷயத்தில் உதவியவர் என்று அரச தரப்பு காட்டியது நியூட்டன் பெரேராவை. மே 12 ஆம் திகதி ஜூரர்கள் அவரை விடுதலை செய்தார்கள். அனுர டி சில்வாவும் விடுதலையானார். மற்ற மூவருக்கும் மரணதண்டனை.

பண்டாரநாயக்க அரசே நிறுத்தி வைத்திருந்த தண்டனை அது. அவர் இறந்து சில மாதங்களுக்குள் பாராளுமன்றம் அதை முன்தேதியிட்டு மீட்டது. அவசரத்தில் எழுதிய சட்டம் கொலையைச் சொன்னதே தவிரக் கொலைச் சதியைச் சரியாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் புத்தரக்கித்தவும் ஜயவர்தனவும் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையோடு தூக்கிலிருந்து தப்பினார்கள். விசையை இழுத்த சோமாராம 1962 ஜூலை 6 ஆம் திகதி வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். பேர்மிங்ஹாமிலிருந்து றோஸ்மீட் பிளேஸ் வரையான பாதையில் ரிவோல்வர் யார் யார் கையால் கைமாறியது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒன்று இன்றுவரை இல்லை. கொலையாளிக்குத் தண்டனை கிடைத்தது. துவக்கின் வரலாறு நடுவிலே அறுந்து கிடக்கிறது.

இதற்குப் பிறகு கொழும்பில் ஒளித்துக்கொண்டு வந்த கைத்துப்பாக்கிகளின் கதையைச் சொல்லப்போனால் கொழும்புத் தமிழர்களிடம் வரவேண்டியிருக்கிறது. 1989 ஜூலை 13 ஆம் திகதி மாலை தமிழ் அரசியல் தலைவர்கள் இருந்த புல்லர்ஸ் வீதி வீட்டுக்குப் பேச்சுவார்த்தை என்று மூன்று பேர் வந்தார்கள், விடுதலைப் புலிகள் அனுப்பியவர்கள். வருகிறவர்களைச் சோதிக்கவேண்டாம் என்று வீட்டிலிருந்தே சொல்லப்பட்டது. பெடியளைத் தடவிப் பார்ப்பது விருந்தோம்பலுக்கு இழுக்கு என்ற நினைப்பு. தேநீர் கொடுத்து உபசரித்தார்கள். அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் செத்தார்கள், சிவசிதம்பரம் காயத்தோடு தப்பினார். மெய்க்காவலர் நிஸ்ஸங்க திப்பொட்டுமுனுவ ஓடிவந்து வந்தவர்கள் மூவரையும் சுட்டு வீழ்த்தினார். வேகத்தில் அவரைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனாலும் அவர் வந்து சேர முன்னரே காரியம் முடிந்திருந்தது.

2000 ஜனவரி 5 ஆம் திகதி சட்டத்தரணி குமார் பொன்னம்பலம், அறிமுகமான ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வெள்ளவத்தை இராமகிருஷ்ண டெரசில் காருக்குள்ளேயே சுடப்பட்டார். காலிவீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் அந்தச் சுற்றாடலில் அப்போது சந்திக்குச் சந்தி சோதனை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு மரக்கறி வாங்கப் போன கிழவனையும் மறித்து, எந்த லொட்ஜ், எப்ப வந்தது என்று துருவிய காலம். கைத்துப்பாக்கி மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் போய்வந்தது.

2008 புதுவருட நாளில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குள் தியாகராஜா மகேஸ்வரன் சுடப்பட்டார். பாராளுமன்ற உறுப்பினர். சில நாள் முன்னர் வரவுசெலவுத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்திருந்தார். அதைத் தொடர்ந்து அவருக்கு இருந்த மெய்க்காவலர் தொகை வெட்டப்பட்டது. எஞ்சியிருந்த காவலர் திருப்பிச் சுட்டதில் கொலையாளி காயப்பட்டுப் பிடிபட்டான், பிறகு மரணதண்டனைத் தீர்ப்பும் பெற்றான். கருங்கல் கோயில், வருடப்பிறப்புச் சனம், மேல்சட்டை கழற்றி நிற்கும் ஆண்கள். துவக்கை ஒளிக்க இதைவிடக் கடினமான இடத்தை யோசிக்க முடியவில்லை. அங்கேயும் வந்திருக்கிறது.

கொழும்பில் இருக்கும் எங்கள் தமிழ் ஆட்களில் யாரும் பிஸ்டலில் ரவையை ஏற்றி வைப்பதா விடுவதா என்று மண்டையைக் குழப்பியதாக நான் அறியேன். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் எடுத்துத் தற்காப்புத் துவக்கு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அரசியல்வாதிகளும் பெரிய வியாபாரிகளும். அவற்றையும் மீளாய்வுக்காகக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி 2024 இன் பிற்பகுதியில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அவை இலக்கமும் கோப்பும் உள்ள துவக்குகள்.

கோப்பில்லாத ஒன்று 2025 பெப்ரவரி 19 ஆம் திகதி மீண்டும் புதுக்கடைக்கு வந்தது, இம்முறை சான்றுப் பொருளாக அல்ல. நீதவான் நீதிமன்றம் இலக்கம் 5. பூசா சிறையிலிருந்து கணேமுல்ல சஞ்சீவ என்ற பாதாள உலகப் புள்ளியைக் கொண்டுவந்து கூண்டில் ஏற்றியிருந்தார்கள். சட்டத்தரணி உடையில் வந்த ஒருவன் எழும்பிச் சுட்டான். நீதிமன்றத்துக்குள் ரிவோல்வரைக் கொண்டுவந்தவள் ஒரு பெண், அவளும் சட்டத்தரணி வேடத்தில். தடித்த சட்டப்புத்தகம் ஒன்றின் தாள்களைத் துவக்கின் வடிவத்துக்கு வெட்டிக் குடைந்து உள்ளே வைத்திருந்தாள். கறுப்புக் கோட்டும் புத்தகமுமாக வருகிறவர்களை வாசலில் மறிக்கும் வழக்கம் அன்றுவரை இருக்கவில்லை. சீவரத்துக்கு இருந்த அதே சலுகை. 65 வருடங்களுக்குப் பிறகும் தெரிவு ரிவோல்வர்தான். நீதிபதிக்கு முன்னால் சிலைடை இழுத்துக் 'கிளிக்' சத்தம் கேட்கவைக்க யாருக்குத் துணிவு வரும்?

சுட்டவன் அன்றே புத்தளம் பக்கத்தில் பிடிபட்டான். துவக்கு நீதிமன்றத்திலேயே விடப்பட்டிருந்தது. இஷாரா செவ்வந்தி என்ற அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்க ஒக்டோபர் வரை சென்றது. நேபாளத்தில் அகப்பட்டு விமானத்தில் கொண்டுவரப்பட்டாள்.

சஞ்சீவ செத்து இரண்டு நாளில் கொட்டாஞ்சேனையில் இன்னொரு கொலை, அதுவும் துப்பாக்கிச்சூடு. சந்தேகநபர்கள் இருவர் உடனே கைதானார்கள். விடிவதற்குள் அவர்களும் பொலிஸாரின் சூட்டில் இறந்துபோனார்கள். ஆயுதங்களைக் காட்டக் கூட்டிச் சென்ற இடத்தில் தாக்க முயன்றார்கள் என்பது பொலிஸ் விளக்கம். கொழும்பில் பேப்பர் வாசிக்கிறவர்கள் இந்த விளக்கத்தை எத்தனையோ தரம் வாசித்துவிட்டார்கள். அந்தத் துவக்குகள் யார் கையிலிருந்து வந்தன என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.