குறைவெப்ப எபாக்சித் தூள் பூச்சு

மண்ணுக்கடியில் செல்லும் எஃகுக் குழாய்களைத் துருவிலிருந்து காக்கும் பூச்சுகளில் ஒரு வகை. வழக்கமான எபாக்சித் தூள் உருகி இறுகக் குழாயை ஏறத்தாழ 225 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும்; இதற்கு 200 டிகிரிக்குள் போதும். இதைக் கேட்டது பூச்சுக்காரர்கள் அல்லர், எஃகு.

எபாக்சிப் பிசினை 1930களின் இறுதியிலும் 1940களிலும் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தானும் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே உருவாக்கினர். அப்போது குழாய்களுக்கு நிலக்கரித் தாரும் ஆஸ்பால்ட்டும்தான் பூச்சு. பின்னர் பாலிஎத்திலீன் நாடா வந்தது. எபாக்சியைத் தூளாகவே குழாயில் உருக்கி ஒட்டும் முறை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது.

முறை வேகமானது. எஃகுமணி வீசிச் சொரசொரப்பாக்கிய குழாய், சுழன்றபடியே மின்தூண்டல் சுருளுக்குள் நுழைந்து சூடாகிறது. மின்னேற்றிய தூள் மாவுபோல வந்து படிந்து, பட்டதும் உருகிப் பளபளத்து, சில நொடிகளில் கூழாகி இறுகுகிறது. பிறகு தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். கிடைக்கும் படலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

இதன் மதிப்பு கனடாவில் தெளிவாகப் புரிந்தது. 1980களின் நடுவில் வட ஒன்டாரியோவில் நாடா சுற்றிய எரிவாயுக் குழாய்கள் வெடித்தன. நாடா உரிந்த இடத்தில் ஈரம் புகுந்திருந்தது. துருவைத் தடுக்கச் செலுத்திய எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு மின்னோட்டத்தை அந்த நாடாவே மறித்துவிட்டது. எபாக்சிப் படலம் பிடிப்பு விட்டாலும் இப்படிக் குறுக்கே நிற்பதில்லை.

சிக்கல் வலிமையான எஃகோடு வந்தது. எக்ஸ் 80 என்றால் சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு விசையையாவது தாங்கிய பிறகே நிரந்தரமாக நீளத் தொடங்கும் எஃகு. சீனாவின் இரண்டாம் மேற்கு-கிழக்கு எரிவாயுக் குழாய்வழியில் அதுதான்; 2002இல் கனடா எக்ஸ் 100ஐயும் சோதித்துப் பார்த்தது. தகட்டை வளைத்துக் குழாயாக்கும்போது படிகங்களில் பிசகுகள் உண்டாகின்றன. பூச்சுக்காக 200 டிகிரிக்கு மேல் சுட்டால் கார்பன் அணுக்கள் ஊர்ந்துபோய் அவற்றில் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். காட்ரெல், பில்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1949இலேயே விளக்கிய நிகழ்வு இது. எஃகு விறைத்து, நீளும் திறனை இழக்கிறது. உறைநிலத்தில் மண் உப்பினாலும், நிலநடுக்கத்தில் பூமி நகர்ந்தாலும், குழாய் விரிசல் விடாமல் வளைந்துகொடுக்க வேண்டும். காக்கவந்த பூச்சே அந்த இளக்கத்தைப் பறித்தது.

ஆகவே 2000களில் 180 டிகிரியை ஒட்டிய சூட்டில் இறுகும் தூள்களைத் தேடத் தொடங்கினர். வினையூக்கியைக் கூட்டினால் சூடு குறையும் என்பது கேட்க எளிது. ஆனால் தூள் தயாராவதே பிசினை ஏறத்தாழ 100 டிகிரியில் உருக்கிப் பிசைந்துதான். துடிப்பான கலவை அங்கேயே இறுகத் தொடங்கலாம், கிடங்கில் வெயில் ஏறினால் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகலாம். சீக்கிரம் இறுகும் தூளுக்கு எஃகின் சொரசொரப்புப் பள்ளங்களில் வழிந்து நிரம்பவும் நேரம் போதாது. அங்கே பிடிப்புத் தளரும். எனவே இத்தகைய தூளைக் குளிர்ந்த அறையில் வைக்கிறார்கள். பூசியபின் ஒரு துணுக்கைச் சுரண்டி வெப்ப அளவியில் சூடாக்கி, இறுகாமல் மிச்சமுண்டா என்று பார்த்த பிறகே குழாயை ஏற்றுக்கொள்கிறார்கள்.