வன்னியில் வாடகை வீடு: முதலிடுவோர் முதலில் பார்க்க வேண்டியது உறுதியை

வீடொன்றை வாங்கி அல்லது கட்டி வாடகைக்கு விடும் வழக்கம், போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வவுனியா, கிளிநொச்சி நகரங்களில் வேரூன்றி வருகின்றது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல் நகரில் இயங்குகின்றன. பம்பைமடு வளாகம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவரும், இடமாற்றம் பெற்று வரும் அரச உத்தியோகத்தரும், வங்கி மற்றும் வைத்தியசாலை ஊழியரும் அறை தேடுகின்றனர்.

இத்தேவையைக் கண்டு, ஓய்வூதியப் பணத்தையோ வெளிநாட்டில் உழைத்த காசையோ வீட்டில் இட விரும்புவோர் முதலில் கேட்பது, "மாத வாடகை எவ்வளவு வரும்?" என்பதாகும். வன்னியில் முதற்கேள்வி அதுவன்று. "இக்காணி யாருடையது?" என்பதே இங்கு முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

அனுமதிப்பத்திரமும் உறுதியும்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலான குடியேற்றத் திட்டங்களின் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் பெற்றவர் அக்காணியின் முழு உரிமையாளர் அல்லர். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அதனை விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ அவரால் இயலாது. வெள்ளைக் கடதாசியில் ஒப்பமிட்டுக் கைமாறும் இத்தகைய காணிக்குப் பணம் கொடுப்பவர் வாங்குவது காணியையன்று, வழக்கையே. அக்காணியில் வீட்டுத்திட்டத்தின் கீழ் கல்வீடு எழுந்திருப்பதும் நிலைமையை மாற்றாது. 2012இல் இந்திய உதவியுடன் தொடங்கிய திட்டத்தில் பயனாளிக்குக் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வீட்டுக்கான உதவியே அன்றிக் காணிக்கான உறுதி அன்று. எனவே பேரம் பேசுவதற்கு முன்னர் காணியின் தன்மையைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் எழுத்தில் உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டும்.

உறுதிக் காணியாயினும் விசாரணை தேவை. காணிப் பதிவகத்தில் கடந்த 30 ஆண்டுப் பதிவுகளைப் பார்ப்பது நொத்தாரிசுமாரின் வழமை. வன்னிக்கு இந்த அளவு போதாது. இன்றிலிருந்து 30 ஆண்டு பின்னோக்கினால் போர்க்காலத்தின் நடுவிலேயே போய் நிற்போம். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களின் குடும்பங்களும் வீடு வளவுகளை விட்டு அகன்றன. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னித் தமிழ் மக்கள் ஏறத்தாழ முழுமையாக இடம்பெயர்ந்தனர். பலரது உறுதிகள் வழியிலேயே அழிந்தன. ஆகவே 1983க்கு முன்னர் அக்காணி யார் பெயரில் இருந்தது என்பதுவரை தேடுவதே பாதுகாப்பானது. அயலவரிடமும் கிராம அலுவலரிடமும், புத்தளத்திலோ வெளிநாட்டிலோ வாழும் பழைய உரித்தாளரின் குடும்பத்தவரிடமும் கேட்டறிதல் வேண்டும்.

"பத்தாண்டுகளுக்கு மேலாக நாங்கள்தான் இருக்கின்றோம்" என்ற சொல்லை நம்பி வாங்குவதும் ஆபத்தானது. ஆட்சியுரிமைச் சட்டம் பத்தாண்டு எதிரிடை அனுபவத்துக்கு இடமளிப்பது உண்மையே. எனினும், போரால் உரிமையைக் கோர முடியாதிருந்தோருக்காக 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கும் விசேட ஏற்பாட்டுச் சட்டம் 2016இல் நிறைவேற்றப்பட்டது. அச்சட்டம் வழக்குத் தொடரத் தந்த அவகாசம் குறுகியது. ஆயினும் இடம்பெயர்ந்தவரின் இல்லாமை உரிமைத் துறப்பு ஆகாது என்னும் நியாயத்தை அது ஏற்றுக்கொண்டது. வாங்குபவரும் அந்த நியாயத்தை ஏற்பது அறமும் விவேகமும் ஆகும்.

விற்பவருக்கு முழு உரித்து உண்டா?

வட மாகாணத் தமிழருக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தும். அதன்படி மணமான பெண் தனது அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் அல்லது நீதிமன்ற அனுமதி தேவை. பங்குக் காணியாயின் இணை உரித்தாளருக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. முஸ்லிம் ஒருவர் மரணசாசனமின்றி இறப்பின், 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரது சொத்து மனைவி, மக்கள் முதலான வாரிசுகளுக்குப் பங்காகச் சேரும். மூத்த மகன் மட்டும் ஒப்பமிட்டால் அவரது பங்கு மட்டுமே கைமாறும்.

புலம்பெயர்ந்தோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர் இங்கு காணி வாங்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு இத்தடை இல்லை. தடையைத் தவிர்க்க உறவினர் பெயரில் வாங்குவோர், சட்டத்தின் கண்ணில் அவ்வீடு அந்த உறவினருடையதே என்பதை மறத்தலாகாது.

வருமானக் கணக்கு

உதாரணத்துக்கு, 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய வீட்டுக்கு மாதம் 20,000 ரூபா வாடகை எனக் கொள்வோம். ஆண்டு வருமானம் 2 இலட்சத்து 40 ஆயிரம். அதாவது முதலீட்டில் 4 வீதம். இரு மாதங்கள் வீடு வெறுமையாகக் கிடந்து, திருத்த வேலைக்கும் ஆதனவரிக்கும் 40,000 செலவானால் எஞ்சுவது 1 இலட்சத்து 60 ஆயிரம். 3 வீதத்துக்கும் குறைவு. இதனுடன் வாங்கும்போதே செலுத்தும் முத்திரைத் தீர்வையையும் (முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம்) நொத்தாரிசுக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். வங்கியின் நிலையான வைப்பு வட்டியுடன் இத்தொகையை ஒப்பிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

கடன் பெற்று வாங்குவோர் மாறும் வட்டியில் சிக்கலாகாது. 2022 ஏப்பிரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அன்று கடன் தவணை வாடகையை விழுங்கியது.

இடத்தை மாரியில் சென்று பார்ப்பது நன்று. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலக் குடியிருப்புகள் மூழ்கின. கிணற்று நீர் குடிக்க ஏற்றதா என்பதையும் பரிசோதிக்க வேண்டும். குடிநீரில்லா வீட்டில் எவரும் நிலைத்திருப்பதில்லை.

வாடகைக்காரருடன் உடன்படிக்கை

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டத்தில் செல்லுபடியாவதற்கு, 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், முறையாக எழுதப்பட்ட குத்தகை முடிவடைந்ததும் வீட்டை மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாக விரைவாக மீளப் பெற வழிசெய்துள்ளது. காலம், வாடகை, முற்பணம், மின்கட்டணம், திருத்தச் செலவு யாருடையது என்பன தெளிவாக இருத்தல் வேண்டும். வாடகைக்கு ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வழங்குவது இரு தரப்புக்கும் காப்பு. வாடகை பிந்தியது என்பதற்காகப் பூட்டை மாற்றுவதும் மின்னிணைப்பைத் துண்டிப்பதும் வீட்டுக்காரரையே குற்றவாளியாக்கும்.

பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்க விடும் ஒத்தி முறை இன்றும் உண்டு. அது வாடகை அன்று, கடன். கடனுக்கு ஈடாகப் பெறும் அனுபவம் வட்டியைச் சாரும் என மார்க்க அறிஞர் பலர் கருதுவதால், முஸ்லிம் வாசகர்கள் இதில் இறங்குமுன் ஆலோசனை பெறுதல் நலம். வாடகையோ இரு சமூகத்தவருக்கும் ஐயமற்ற வருமானம்.

வன்னியில் வாடகை வீட்டிலோ முகாமிலோ அந்தரித்து வாழ்ந்திராத குடும்பம் அரிது. அந்த அனுபவம் உடையோர் இன்று வீட்டுக்காரராகும்போது, பிறருடைய உரித்தின் மீது தமது சேமிப்பைக் கட்டாதிருப்பதும், குடியிருப்போரைக் கண்ணியமாக நடத்துவதும் அவர்களது கடமை. உறுதி சரியாக இருந்தால் வாடகை குறைந்தாலும் வீடு நிற்கும். உறுதி பிழைத்தால், வாடகை எவ்வளவு கூடினாலும் ஒருநாள் இரண்டும் இல்லாமற் போகும்.